நாலு தோள் பாட்டு

அக்டோபர் 6, ஞாயிறு

பிரியாணி மிஞ்சிவிட்டது. எப்போதும் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுவிடும் கை என்னுடையது. மிஞ்சியதை டப்பாக்களில் அடைத்து, கோவில் மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கி, சாவியைக் கொடுத்துவிட்டு வந்தோம். வரவு செலவைத் தனி நோட்டில் எழுதியாகிவிட்டது. இங்கே எழுத வேண்டியது வேறு.

இன்று ஏட்ரியனுக்கு ஞானஸ்நானம். ஜெஸிந்தா-ரீகன் தம்பதியின் மூத்த பிள்ளை. இந்த அயர்லாந்துச் சிற்றூரில் பிறந்த முதல் தமிழ்ப் பிள்ளை என்றும் சொல்லலாம். ஜெஸிந்தா ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு பேரும் எங்களைப் போலவே தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரைக்காரர்கள். “நீங்கதான்க்கா ஞானத்தாய்” என்று ஜெஸிந்தா சொன்னபோது, என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போய் சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கோவிலுக்கு வருகிறேன். பிள்ளையை ஏந்திக்கொண்டு தொட்டிக்கு முன்னால் நின்றது இன்றுதான். தண்ணீர் பட்டதும் அவன் அழவில்லை. என் தாலிச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டான்.

சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்து வீட்டு நோராம்மா பாடினாள். இங்கே எந்த விசேஷமானாலும் கடைசியில் யாராவது கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்துவிடுவார்கள். முடித்துவிட்டு என்னைக் கைகாட்டினாள்: “இப்போது உங்கள் ஊர்ப் பாட்டு.” எனக்கு வேறென்ன தெரியும்? அம்மா பாடின தாலாட்டைப் பாடினேன்.

பூந்தேரு சோடிச்சாச்சு, கண்ணே,
பூமணக்கப் போறதெங்கே?
நாலு தோளு மேலேறி, கண்ணே,
நானறியா ஊரு எங்கே?
பால் கெட்டி ஆவுதய்யா, கண்ணே,
பாதையெல்லாம் பாத்திருக்கேன்.

எங்கள் ஊரில் மாதா சப்பரம் தோள்மேல் வரும். பெரிய கோவிலென்றால் தேர். பிள்ளையை மாதாவோடு தேரில் ஏற்றி ஊர்வலம் விடுகிற பாட்டு இது. பாலும் அடுப்பில் சுண்டிக்கொண்டிருக்கிறது. பாடி முடிப்பதற்குள் ஏட்ரியன் தூங்கிவிட்டான். எல்லாரும் கைதட்டினார்கள்.

ரீகனின் அம்மா மிக்கேலம்மாள் மாமி மட்டும் பாயசத்தைத் தொடவில்லை. சர்க்கரை இருக்கும் போல.

அக்டோபர் 7, திங்கள்

சர்க்கரை இல்லை.

பெரிய அண்டாவைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மாமி பிள்ளை பார்க்க ஊரிலிருந்து மூன்று மாத விசாவில் வந்திருக்கிறாள். கதவைத் திறந்தாள். வழி விடவில்லை.

“ஏட்டி பிரகாசி, நேத்து என்ன பாட்டு பாடுன?”

“தாலாட்டு மாமி.”

“தாலாட்டா! பூந்தேருன்னா என்னன்னு தெரியுமா ஒனக்கு?”

“மாதா தேரு.”

“பாடைட்டி அது! துட்டி வீட்டுல பொம்பளையாளுவ மாரடிச்சிட்டுப் பாடுதது. நாலு தோளுல எவன் போவான்? செத்தவன்லா போவான்! தல நிக்காத பச்சப்புள்ளைய மடியில வச்சுக்கிட்டு, தீர்த்தம் ஊத்துன நாளும் அதுவுமா, ஒப்பாரி வச்சிருக்கியே பாவி. ஒரு புள்ள பெத்தவளா இருந்தா இது தெரிஞ்சிருக்கும்.”

அண்டா என் கையிலேயே இருந்தது. பாட்டை மனதுக்குள் ஓட்டினேன். பூந்தேர். நாலு தோள். அறியாத ஊர். ஒவ்வொரு அடியும் திரும்பி நின்று என்னைப் பார்த்தது. எப்படி இத்தனை வருஷம் தெரியாமல் போயிற்று? காது இரண்டும் சுட்டது.

“ஒங்க அம்மதான் ஒனக்கு இதச் சொல்லிக் குடுத்தாளா?” என்று கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மாமி கேட்டது, “ஒங்க அம்ம என்ன, துட்டி வீட்டுக்குக் கூலிக்கு அழப் போறவளா?”

நான் சொன்னேன்: “இல்ல மாமி. அது எங்க பாட்டே இல்ல. நோராம்மா பாடுத ஐரிஷ் பாட்டு. மெட்டு அவங்களோடது. நான்தான் எதையோ தமிழ்ல போட்டுப் பாடிட்டேன்.”

வாய் தானாகச் சொல்லியது என்று எழுதலாம். அப்படி இல்லை. யோசித்துத்தான் சொன்னேன்.

மாமி அண்டாவை வாங்கிக்கொண்டாள்.

அக்டோபர் 8, செவ்வாய்

ஜெபமாலை சொன்னேன். மூன்றாம் காரணிக்கத்துப் பத்து மணியில் விட்ட இடம் தெரியவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

அக்டோபர் 10, வியாழன்

துணி காயவில்லை. காலையிலிருந்து தூறல். ஹீட்டர்மேல் போட்டுப் போட்டு எடுத்தேன். இவருக்கு முதியோர் இல்லத்துச் சமையலறையில் மாலை வேலை. 

வியாழக்கிழமை மண்டபத்தில் பாட்டு. நோராம்மா வழக்கம்போலக் கதவைத் தட்டினாள். தலைவலி என்று சொல்லப் பார்த்தேன். “தலைவலிக்குத்தான் பாட்டு” என்று கோட்டை எடுத்து நீட்டினாள்.

அங்கே வருகிறவர்கள் பாதிப் பேர் வெளியூர் போய்த் திரும்பியவர்கள். லண்டனில் ரோடு போட்டவர், பாஸ்டனில் பஸ் ஓட்டியவர். நோராம்மாவே நாற்பது வருஷம் பர்மிங்ஹாமில் ஓட்டல் படுக்கைகளுக்கு உறை மாற்றியவள். பாட்டில் பெரிய விஷயம் ஒன்றும் கிடையாது. ஒரு படகு, ஒரு கதவு, கதவில் ஒரு அம்மா. கேட்டால் எல்லாம் ஒரே பாட்டு மாதிரி இருக்கும். ஆனால் அந்த பஸ் ஓட்டியவர், ஆறடி ஆள், ஒரு ஊர்ப் பெயர் வந்ததும் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். அது அவர் ஊர்கூட இல்லையாம். அடுத்த ஊராம். “அந்த ஊர்க்காரனுக்கும் எங்களுக்கும் ஆகாது. பந்தாட்டத்தில் திருட்டுப் பயல்கள்” என்று பிறகு சொல்லிச் சிரித்தார். மூக்கு சிவந்திருந்தது.

மற்ற வியாழன்களில் நானும் சேர்ந்து கண்ணைத் துடைப்பேன். இன்று அழ எனக்கு உரிமை இல்லை என்று பட்டது. இவர்கள் அம்மாவின் பாட்டை அறுபது வருஷமாகச் சுமந்து வந்து சபையில் பாடுகிறார்கள். நான் என் அம்மாவின் பாட்டை ஒரு வாசற்படியில் வைத்து இன்னொருத்தி தலையில் கட்டிவிட்டேன். அந்த இன்னொருத்தி என் பக்கத்திலேயே உட்கார்ந்து பிஸ்கட் பாதியைப் பிட்டு எனக்குக் கொடுக்கிறாள்.

அக்டோபர் 13, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வந்ததும் மிக்கேலம்மாள் மாமி ரீகனை இழுத்துக்கொண்டு நேராக நோராம்மாவிடம் போனாள். நான் படியில் நின்றுவிட்டேன்.

“கேளுல. அந்தப் பாட்டு இவங்களோடதான்னு கேளு.”

“அம்மா, இப்ப எதுக்கும்மா...”

“கேளுங்கேன்!”

ரீகன் தலையைச் சொறிந்துகொண்டு இங்கிலீஷில் கேட்டான். அன்று பிரகாசி அக்கா பாடியது உங்கள் பாட்டாமே, உங்களிடம் படித்தேன் என்றார்களே.

நோராம்மா என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது. மழைத் தொப்பியின் நாடாவைத் தாடைக்குக் கீழே கட்டிக்கொண்டாள். “ஆமாம், எங்கள் பாட்டுதான். பழைய பாட்டு. தூங்க வைக்கிற பாட்டு” என்றாள். 

மாமிக்கு முகம் தெளிந்தது. “வெள்ளக்காரி பாட்டுன்னா சரி. அதுக்கு ஏன்டி துட்டி வீட்டு வார்த்தையப் போட்ட? வேற வார்த்தையா இல்ல?” என்று என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். அன்பான தட்டுதான்.

எழுபத்தெட்டு வயதுக்காரியைக் கோவில் வாசலில், நற்கருணை வாங்கிய நாக்கு காய்வதற்குள், எனக்காகப் பொய் சொல்ல வைத்தேன். வீடு வரும்வரை அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டைத் திறக்கும்போது மட்டும், “ஒரு பாட்டுக்காகப் பொய் சொல்லியிருக்கிறேன். அந்தப் பாட்டு என்னவென்று எனக்குத் தெரிய வேண்டாமா?” என்றாள்.

அக்டோபர் 15, செவ்வாய்

நோராம்மா வந்தாள். டீக்கு இஞ்சி தட்டிப் போட்டேன். அவளுக்குப் பிடிக்கும்.

சமையலறையில் உட்கார்ந்து பாடிக் காட்டினேன். சத்தத்தை அடக்கித்தான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ், ஜெபப் புத்தகத்திலும் ரேடியோவிலும் நானாகப் பொறுக்கியது. அதைக் கொண்டு அர்த்தமும் சொன்னேன். சாவுக்குப் பாடுவதாம், எனக்குத் தெரியாது, தாலாட்டு என்று நினைத்தேன் என்றேன்.

அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. அவளுடைய அம்மா ஊரிலும் சாவு வீட்டில் பாட்டுக்கட்டி அழுகிற பெண்கள் இருந்தார்களாம். கோவில் சாமியார்கள் வேண்டாம் என்று நிறுத்தினார்களாம். அது அநாகரிகம், மோட்சத்தில் நம்பிக்கை இல்லாதவர்கள் செய்வது என்று. அதனால் அந்தப் பாட்டெல்லாம் வேறு வீட்டுக்குக் குடிபோயிற்று என்றாள். எந்த வீட்டுக்கு என்று கேட்டேன். 

“கப்பல் ஏறுகிறவன் வீட்டுக்கு” என்றாள்.

அமெரிக்காவுக்குப் போகிற பிள்ளைக்கு முந்தின நாள் சாவு வீடு மாதிரியே கூடுவார்களாம். உயிரோடு இருக்கிறவனை நடுவில் உட்கார வைத்து, குடித்து, ஆடி, விடியும்போது அவன் அம்மா அந்தப் பாட்டைப் பாடுவாளாம். திரும்பி வரமாட்டான் என்று தெரியும் அல்லவா. நோராம்மா காலத்தில் இங்கிலாந்துதான், கூப்பிடு தூரம். அந்தக் கூட்டமெல்லாம் நின்றுபோயிற்று. ஆனாலும் அவள் பஸ் ஏறும்போது அவள் அம்மா படியைப் பிடித்துக்கொண்டு பாடிவிட்டாளாம்.

“எனக்கு வயது பத்தொன்பது. புதுக் கோட்டு. டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தான். ‘அம்மா, நிறுத்து, ஆட்கள் பார்க்கிறார்கள்’ என்றேன். நிறுத்திவிட்டாள். சொன்னதும் நிறுத்திவிட்டாள், ப்ரக்காசி. அதுதான்.”

பிறகு, “நீ வரும்போது உன் அம்மா பாடினாளா?” என்று கேட்டாள்.

இல்லை, எங்கள் ஊரில் அந்த வழக்கம் கிடையாது என்று சொன்னேன். எழுந்து டம்ளர்களைக் கழுவினேன். கழுவின டம்ளர்கள்தான்.

அக்டோபர் 19, சனி

பாவசங்கீர்த்தனம். எட்டாம் கட்டளை, பொய் சொன்னேன் என்றேன். சாமியார் இளவயசு. எதைப் பற்றிப் பொய் என்று கேட்டார். ஒரு பாட்டைப் பற்றி என்றேன். கம்பிவலைக்குப் பின்னால் அவர் சிரிப்பை அடக்குவது கேட்டது. மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். 

சொன்னேன். மனசு லேசாகவில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

ஏட்ரியனுக்கு மூச்சிரைப்பு. நேற்றே ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். நெஞ்சில் சளி, ஆக்சிஜன் வைத்திருக்கிறார்களாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. மருந்துக் கடையில் நின்றபோது காதில் விழுந்தது.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தாவில் மிக்கேலம்மாள் மாமி ஜெபமாலையோடு நின்றாள்.

“வராத. உள்ள வராத.”

“மாமி, நான் ஞானத்தாய்...”

“வெள்ளக்காரி மெட்டா இருந்தா என்ன, எவ மெட்டா இருந்தா என்ன? வார்த்த ஒன்னோடதுதான? நீதான பாடுன? ஒன் நாக்கு பலிச்சிட்டு. போயிரு பிரகாசி. நான் ஒண்ணும் ஏசல. போயிரு.”

ரீகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பிவிட்டேன். பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தே வந்தேன். பாதி வழியில்தான் குடை கையில் இருப்பது தெரிந்தது.

இவர் வந்ததும் சொன்னேன். “பாட்டுப் பாடி எவனுக்காவது மூச்சு முட்டுமா? ஏட்டி, அப்படின்னா ஒங்க கோவில் பாடகர் குழு பாடுத பாட்டுக்கு இந்த ஊர்ல ஒருத்தன் மிஞ்சுவானா?” என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். சோறு போட்டுக் கொடுத்தேன்.

அக்டோபர் 23, புதன்

ரீகன் போன் எடுக்கவில்லை.

அக்டோபர் 24, வியாழன்

எடுக்கவில்லை. பாட்டுக்குப் போகவில்லை. உருளைக்கிழங்கு வேகவைத்து அப்படியே மறந்து கரிந்துவிட்டது.

அக்டோபர் 27, ஞாயிறு

ஜெஸிந்தா கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து, மாமி டீ குடிக்கப் போன நேரம் பார்த்து.

“யக்கா, ஆக்சிஜன் எடுத்தாச்சு. பால் குடிக்க ஆரம்பிச்சிட்டான். ஒங்ககிட்ட முதல்ல சொல்லணும்னு இருந்தேன். கோவிச்சிக்கிட்டியளா?”

மூக்கை உறிஞ்சினது அவளுக்குக் கேட்டிருக்கும்.

“ஒண்ணு சொல்லுதேன், மாமிகிட்ட சொல்லிராதிய. மொத ரெண்டு நாளு அவன் தூங்கவே இல்ல. அன்னைக்கு நீங்க பாடுனத போன்ல பிடிச்சு வச்சிருந்தேன்லா. சத்தத்தக் கொறச்சுப் போட்டேன். கண்ணு சொருகிட்டான். தெனமும் அதுக்குத்தான் தூங்குதான்.”

“ஏட்டி, அத எதுக்குப் போட்ட? அது...”

“தெரியும்க்கா. அதான் கேக்கேன். நானும் நாலு நாளா அதையே கேட்டுக்கிட்டே கெடக்கேன். அஞ்சாவது அடி என்ன? ‘பால் கெட்டி ஆவுதய்யா’ன்னா பாடுதிய?”

“ஆமா. பால் சுண்டுதது. புள்ளைக்குக் காய்ச்சுதது.”

பிறகு மெதுவாகச் சொன்னாள், “எனக்கு என்னமோ அது ‘பால் கட்டி நோவுதய்யா’ன்னு இருக்கும்னு தோணுதுக்கா. அவன் குடிக்காம இருந்த ரெண்டு நாளு எனக்குப் பால் கட்டிக்கிட்டு. கல்லு மாதிரி. மெஷின் வச்சு எடுத்தாலும் உயிரு போவுது. அப்ப அந்தப் பாட்டு ஓடிட்டு இருந்திச்சு. எனக்கு அப்படித்தான் கேட்டுச்சு. நான் சும்மா சொல்லுதேன், தப்பா இருந்தாலும் இருக்கும்.”

தப்பில்லை. போனை வைத்த பிறகு அம்மாவின் குரலில் அந்த அடியை நினைத்துப் பார்த்தேன். கட்டி நோவுதய்யா. அம்மா எப்போதும் அப்படித்தான் பாடினாள். கெட்டி என்று கேட்டது என் காது. பால் கட்டும் வலியே அறியாதவளின் அந்தக் காதுக்குத் திருத்திக்கொள்ள ஒரு நாளும் வாய்க்கவில்லை.

அக்டோபர் 28, திங்கள்

ஊருக்கு, லூர்து அத்தைக்குப் போன் செய்தேன். அப்பாவின் தங்கை. அம்மா இருந்தவரை கூடவே இருந்தவள் அவள்தான். முதலில் மழை, மீன் விலை, முட்டிவலி எல்லாம் பேசிவிட்டு, அம்மா அந்தப் பாட்டை யாருக்காகப் பாடினாள் என்று கேட்டேன்.

“எந்தப் பாட்டு?”

ஒரு அடி பாடினேன்.

அத்தை விசிறியை நிறுத்துவது கேட்டது.

“ஒனக்கு முன்ன ஒண்ணு பெறந்து போச்சுல்லா. அருளப்பன். நாப்பது நாள்கூட இல்ல. தீர்த்தம் குடுத்த புள்ள, சம்மனசா, தேவதூதனா மோட்சத்துக்குப் போயிட்டு, அதுக்கு அழுதா பாவம்னு அப்ப இருந்த சாமியார் சொல்லிட்டாரு. ஒருத்தரும் அழக் கூடாதுன்னுட்டாவ. ஒங்க அம்ம அழல. கல்லு மாதிரி இருந்தா. மாரு ரெண்டும் கட்டிக்கிட்டு. நான்தான் மல்லியப்பூவ அரைச்சு வச்சுக் கட்டிவிட்டேன், பாலு வத்தட்டும்னு. அதோட அவ பூ வைக்கத விட்டுட்டா.”

அம்மா மல்லிகைப் பூவைத் தொடமாட்டாள். பக்தி என்று நினைத்திருந்தேன். நானும் அதற்காகவே வைப்பதில்லை.

“பொறவு நீ பொறந்த. ஒன்னத் தொட்டில்ல போட்டு ஆட்டும்போது பாட ஆரம்பிச்சா. தாலாட்டுதானன்னு யாரும் ஒண்ணும் சொல்லல. சாமியாரே ஒரு நாளு வாசல்ல நின்னு கேட்டுட்டு, நல்ல பாட்டும்மான்னு சொல்லிட்டுப் போனாரு. எனக்குத் தெரியும், அவ என்ன செய்யுதான்னு. வாயத் தொறக்கல.”

“நாலு தோளுன்னு பாடுவாளே அத்தை.”

“பச்சப்புள்ளைக்கு எங்கட்டி நாலு தோளு? ஒங்க அப்பன் அட்டப்பொட்டி மாதிரி ஒண்ணுல வச்சு கக்கத்துல இடுக்கிட்டுப் போனான். பின்னால ஒரு ஈ காக்கா போகல. தேரு, பூவு, நாலு தோளு எல்லாம் பாட்டுல அவ குடுத்தது.”

வைக்கப் போகிற நேரத்தில், “நீ வெளிநாடு போறன்னைக்கு ஏர்போர்ட்டுலயும் அதத்தான பாடுனா. நீதான் ‘ஆளுவ பாக்காவ, சும்மா இரும்மா’ன்னுட்டியாம். வந்து சொன்னா. கோவிச்சிக்கிடல, சிரிச்சிட்டுத்தான் சொன்னா” என்றாள் அத்தை.

ஆமாம்.

நோராம்மாவிடம் நான் சொன்னதை மேலே எழுதியிருக்கிறேன். அதை அடித்து அழிக்கவில்லை. இருக்கட்டும்.

நவம்பர் 2, சனி

ஆத்துமாக்கள் திருநாள். இறந்தவர் பெயர்களை எழுதிக் கொடுத்தால் பூசையில் வாசிப்பார்கள். மூன்று வருஷமாக அம்மா பெயர் மட்டும் எழுதுவேன். அம்மாவின் அடக்கத்துக்குப் போக முடியவில்லை, போனில்தான் பார்த்தோம். இந்த வருஷம் கீழே அருளப்பன் என்று எழுதினேன். இளஞ்சாமியார் அந்தப் பெயரில் தடுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்தார். மொத்தத்தில் மூன்று முறை வாசித்த மாதிரி ஆயிற்று. நல்லதுதான்.

முன்பே பாவசங்கீர்த்தனம் போயிருந்தேன். நான்காம் கட்டளை என்றேன். தாயை மதித்திரு என்பது. இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. நான் அழுததால் இருக்கலாம்.

நவம்பர் 7, வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மண்டபத்துக்குப் போனால் முன் வரிசையில் ஜெஸிந்தா, மடியில் ஏட்ரியன், பக்கத்தில் ரீகன், மிக்கேலம்மாள் மாமி. மாமி சனிக்கிழமை ஊருக்குப் போகிறாள். அதற்கு முன் “அந்த வெள்ளக்காரி வாயால அந்தப் பாட்ட ஒருக்கா கேட்டுப் பாத்துரணும்” என்று வந்திருக்கிறாளாம். ஏட்ரியன் மெலிந்திருந்தான். என்னைப் பார்த்துக் காலை உதைத்தான். அவன் பக்கம் போக நான் துணியவில்லை.

ரீகன் போய்க் கேட்டான். நோராம்மா எழுந்தாள். நிஜமாகவே பாடிவிடுவாள் போல இருந்தது. அந்தச் செவ்வாய்க்குப் பிறகு இரண்டு மூன்று தடவை என்னிடம் மெட்டை வாங்கியிருந்தாள். கண்ணை மூடி, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். எனக்காக இரண்டாவது பொய்.

நான் எழுந்துவிட்டேன். 

“நோராம்மா, வேண்டாம்” என்றேன் தமிழில். பிறகு இங்கிலீஷில், “இது என் அம்மா பாட்டு” என்றேன். பஸ் ஓட்டியவர் காதுக் கருவியைத் திருகினார். மாமி பக்கம் திரும்பி, “மாமி, நான் ஒங்ககிட்ட பொய் சொன்னேன். அது எங்க அம்ம பாட்டு. ஒப்பாரிதான். எனக்கு முன்ன பொறந்து போன புள்ளைக்கு அழ விடாததால, என்னத் தொட்டில்ல போட்டு அவ அழுதது. எனக்கு அது தாலாட்டு. வேற தாலாட்டு எனக்குத் தெரியாது” என்றேன். சபையில் நின்று இவ்வளவு நீளமாக நான் பேசியது கிடையாது.

மாமி வாயைத் திறந்தபடி இருந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

“என்ன பேரு?” என்றாள்.

“ஆருக்கு?”

“அந்தப் புள்ளைக்கு.”

“அருளப்பன்.”

“பாடு.”

பாடினேன். சத்தத்தை அடக்கவில்லை. ஐந்தாவது அடி வந்ததும் கட்டி நோவுதய்யா என்றேன். ஜெஸிந்தா பிள்ளையை இன்னும் நெருக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்த இடத்தில் என் குரல் உடைந்து நின்றுவிட்டது. நின்ற இடத்தில் இன்னொரு குரல் எடுத்தது. மாமி. உட்கார்ந்தபடியே, முந்தானையைப் பல்லில் கடித்து விட்டுவிட்டு, அடியின் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். துட்டி வீட்டில் பெண்கள் ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி எடுப்பது போல. எனக்குத் தெரியாத இரண்டு அடிகளும் அவளிடம் இருந்தன.

கைதட்டல் இல்லை. இங்கே நல்ல பாட்டுக்கு அப்படித்தான். ஆறடி ஆள் தொப்பிக்குள் இருந்தார். அவருக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. 

டீக்கு நிற்கும்போது மாமி வந்தாள்.

“ஏட்டி, மூணாவது அடி நடுவுல மூச்சு விடாத. அழுதவ எவளும் அங்க மூச்சு விட மாட்டா.”

“சரி மாமி.”

“எங்க அம்ம எங்க அப்பாவுக்கு இதத்தான் பாடுனா, பாலு அடி மட்டும் கெடையாது. அதான் அன்னைக்கு எனக்குத் தாங்கல. வெள்ளக்காரி பாட்டுன்னு நீ சொன்னதும் நம்பிரத்தான் தோணிச்சு. நாக்கு பலிச்சிட்டுன்னு சொன்னம்லா, அத மனசுல வைக்காத. புள்ள பெத்தவளா இருந்தான்னு சொன்னதையும்.” அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, சர்க்கரைக் கிண்ணத்தைப் பார்த்தாள். “ஜெஸிந்தா வேலைக்குப் போனா புள்ள ஒங்கிட்டதான் இருக்கணும். எவ பாட்டு பாடினாலும் சரி, எண்ண தேச்சுக் குளிப்பாட்டு. இங்க உள்ளவளுவ புள்ளைய நனைச்சுத் தொடைக்கத்தான் செய்யுதாளுவ.”

பிறகு குரலை இறக்கி, “சனிக்கிழம பஸ் ஏறும்போது எனக்கு எங்க இது வாயில வந்துருமோன்னு இருக்கு. மருமவ மானம் போவும். வந்திச்சுன்னா நீ என்ன ஒரு சத்தம் போட்டு நிறுத்திரு” என்றாள்.

அவள் டீயில் சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொடுத்தேன்.

நவம்பர் 9, சனி

காலையில் ஏட்ரியனுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினோம். மாமி சொல்லச் சொல்ல நான் செய்தேன். தண்ணீர் சூடு போதாது என்று இரண்டு முறை திட்டு வாங்கினேன்.

டப்ளின் பஸ் பத்து மணிக்கு. நோராம்மாவும் வந்திருந்தாள், மழைத் தொப்பியோடு. மாமி பிள்ளையை என் கையில் கொடுத்தாள். ஒரு படி ஏறினாள். திரும்பினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, பூந்தேரு என்று ஆரம்பித்துவிட்டாள். ரீகன் “அம்மா” என்று ஒரு எட்டு முன்னால் வைத்தான். நோராம்மா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். டிரைவர் கண்ணாடியில் பார்த்தான்.

ஆட்கள் பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. மாமி எட்டு அடியும் பாடி முடித்தாள்.